நாரைக்கு அடையாளம் சொல்லுதல்

சென்னையில் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் மூன்றாவது கேள்வி 'சொந்த ஊர் எது?' என்பதாகத்தான் இருக்கும். பெயர், வேலை, அப்புறம் ஊர். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே ரிட்டயர் ஆனவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு "பூர்வீகம் செய்யாறு பக்கம்" என்பார். நான் கல்யாணமாகி உடன்குடியிலிருந்து பெரம்பூருக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. பால்காரர் இன்னும் என்னைத் 'திருநெல்வேலியம்மா' என்றுதான் சொல்கிறார். உடன்குடி தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போனது நான் பள்ளிக்கூடம் போன காலத்தில். அதெல்லாம் அவருக்குத் தேவையில்லாத விவரம்.

வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். ஆறு வருஷமாக நடக்கிறது. இரண்டு பாய், ஒரு ட்யூப் லைட், ஒரு டப்பா நிறையப் புத்தகம், ஒரு குண்டான் சுண்டல். வியாசர்பாடியிலிருந்தும் எங்கள் தெருவிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாதிப் பேர் சுண்டலுக்காக வருகிறவர்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

போன வருஷம் ஜூலையில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஐந்தாம் வகுப்பு. அடுத்த தெருவில் எழும்பிக்கொண்டிருந்த அபார்ட்மெண்டின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் குடித்தனம். அப்பா கம்பி கட்டுகிறார், அம்மா சித்தாள் வேலை. ஒடிசாவில் பலாங்கிர் மாவட்டம். மற்ற பிள்ளைகள் என்னை 'மிஸ்' என்பார்கள். இவள் மட்டும் 'அக்கா'. தமிழைத் தெருவில் கற்றவள், அதனால் என்னைவிடச் சுத்தமான மெட்ராஸ் தமிழ். "இன்னாக்கா, இன்னிக்கி கடலையா?" என்று கேட்டுக்கொண்டேதான் மாடிப்படி ஏறுவாள்.

ஒருநாள் புத்தகத்தை யார் முதலில் எடுப்பது என்ற சண்டையில் ஒரு பையன் அவளை "ஏய் ஹிந்திக்காரி" என்றான். "நான் ஹிந்தி இல்ல, ஒடியா" என்றாள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான். "எல்லாரும் கேளுங்க. இவ எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கா தெரியுமா? எழுந்து நின்னு நீயே சொல்லும்மா. உங்க ஊர் எப்படி இருக்கும்? ஏன் இங்க வந்தீங்க?"

அவள் எழுந்தாள். கையிலிருந்த சுண்டல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரியாதுக்கா." நான் விடவில்லை. "பரவால்ல, தெரிஞ்சதைச் சொல்லு." கொஞ்ச நேரம் கழித்து, "அங்க வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் கைதட்டச் சொன்னேன். பிள்ளைகளும் தட்டினார்கள்.

அதற்கப்புறம் நாலு சனிக்கிழமை அவள் வரவில்லை.

முதல் வாரம் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கே உறைத்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில், புருஷன் வீட்டு விசேஷம் ஒன்றில், நான் "அவுஹ வந்தாவ" என்று சொன்னதற்கு ஒரு பெரியம்மா எல்லாரையும் கூப்பிட்டு, "இன்னொரு தடவை சொல்லும்மா, கேட்கறதுக்கு எவ்வளவு நல்லா இருக்கு" என்றார். அவரும் பிரியமாகத்தான் கேட்டார். ஆறே மாசத்தில் என் நாக்கை மாற்றிக்கொண்டேன். முப்பது வருஷம் கழித்து அதையே நான் ஒரு பத்து வயசுப் பெண்ணுக்குச் செய்திருக்கிறேன், கைதட்டலோடு.

பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கத் தெரியாமல் இருப்பது நான் ஒருத்தி மட்டும் இல்லை. நமக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. ஒன்று, 'பிறந்த மண்ணா, பிழைக்க வந்த மண்ணா' என்று பட்டிமன்றம் வைத்து நடுவர் இரண்டு பக்கத்தையும் பாராட்டி முடித்துவிடுவது. இன்னொன்று, 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று சுவரில் எழுதிவிடுவது. புறநானூறு 192ஆம் பாட்டின் முதல் வரியைச் சொல்லாத குழந்தை தமிழ்நாட்டில் கிடையாது. அதே பாட்டில், மழைத்தண்ணீர் கல்லில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில் நீர் போகிற வழியிலே போகும் ஒரு தெப்பம் வரும்: 'நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்'. தன் இஷ்டப்படி போகாத தெப்பம். ஊர் விட்டு ஊர் போகிறவர்களின் வாழ்க்கை அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். சுவரில் இடம் போதாததாலோ என்னவோ, அதை யாரும் எழுதுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'புலம்பெயர்ந்தவர்' என்ற சொல்லை இன்று நம் பேச்சில் பெரும்பாலும் நம் ஆட்கள் வெளிநாடு போனால்தான் எடுக்கிறோம். கனடாவில் இருக்கும் தமிழர் புலம்பெயர்ந்தவர். கலிஃபோர்னியாவில் இருக்கும் மாமா பையன் 'செட்டில் ஆயிட்டான்'. பலாங்கிரிலிருந்து பெரம்பூருக்கு வந்தால் 'வடக்கன்', கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் 'வெளிமாநிலத் தொழிலாளி'. ஆனால் பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் அந்தச் சொல்லை யாருக்கு வைத்தார்? 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினி துறையும்' என்று காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்கிறார். பல பாஷை பேசிக்கொண்டு வேறு நாடுகளிலிருந்து வந்து நம் ஊரில் குடியிருந்தவர்களுக்கு வைத்த பெயர் அது. வந்தவர்களுக்கு வைத்ததை எடுத்து, பெரும்பாலும் போனவர்களுக்கே வைத்துக்கொண்டோம்.

சரி, மாடிக்கு வருகிறேன். அவள் வராத நாட்களில் மற்ற பிள்ளைகளோடு வேறு பக்கமிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொன்ன பையனின் ஆயா பர்மாவிலிருந்து வந்தவர். வியாசர்பாடியில் பர்மாத் தமிழர்கள் நிறைய. பையனுக்கு அது தெரியும். ஆயா அத்தோ செய்வார், அவ்வளவுதான் அவனுக்குப் பர்மா. ஆயாவை மாடிக்கு அழைத்து வரச் சொன்னேன். இந்த முறை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. நாற்காலி போட்டு, டீ கொடுத்து, "ஆயா, அத்தோ எப்படிப் பண்றது?" என்றுதான் கேட்டேன்.

நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி என்று ஆரம்பித்தவர், ரங்கூனில் தெருமுனையில் விற்ற மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸுக்குப் போனார், அங்கிருந்து தன் அப்பாவின் பலசரக்குக் கடைக்கு. 1962இல் பர்மா ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்ததும் 1964இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் எனக்குப் புத்தகத்தில் தெரியும். அதே வருஷம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும் தெரியும். ஆயாவுக்கு வருஷம் எதுவும் ஞாபகமில்லை. "கப்பல்ல ஏறச் சொல்ல காதுல கெடந்த தோட்டைக் கழட்டிக்கினாங்க. எனக்கு ஒம்போது வயசு. தோடு போனதுக்கு அழுவல. காதுல ஈக்குச்சி சொருகி வுட்டாங்க எங்கம்மா, தூந்துடப் போவுதுன்னு. அது ரொம்ப வலிச்சுது." பெண்பிள்ளைகள் எல்லார் கையும் தன்னாலே காதுக்குப் போனது.

அதே 1964இல் அக்டோபர் 30ஆம் தேதிதான் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தமும் வந்தது. இலங்கை மலையகத்துத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசாங்கங்கள் ஆட்களைப் பங்கு பிரித்தன. இந்த எண்களைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "அவ்ளோ பேரா" என்றார்கள், மறந்துவிட்டார்கள். ஈக்குச்சியை இன்றுவரை மறக்கவில்லை.

பேரன் கேட்டான்: "ஆயா, அங்க உங்கள இன்னான்னு கூப்பிடுவாங்க?"

"கலா-ன்னுவாங்க. இந்தியாக்காரங்க எல்லாருக்கும் ஒரே பேருதான். தமிழு, தெலுங்கு, வங்காளம் எல்லாம் ஒண்ணுதான் அவங்களுக்கு. சரின்னு இங்க வந்தா, இங்க பர்மாக்காரின்னாங்க. கல்யாணத்துக்கு அப்புறம்கூட எங்க மாமியா 'பர்மாக்காரி எங்கடா'ன்னுதான் கேப்பா."

பையன் தலையைக் குனிந்து பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை. ஆசிரியர் வேலையில் கஷ்டமான பகுதி, இந்த மாதிரி இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது. அடுத்த சனிக்கிழமை அவன்தான் தகரக் கொட்டகைக்குப் போய் அவளை அழைத்துக்கொண்டு வந்தான். என்ன சொல்லி அழைத்தான் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் பீச் ஸ்டேஷன் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் 1969இல் தொடங்கிய பர்மா பஜார், அத்தோக் கடை, அப்படியே நடந்து அரண்மனைக்காரத் தெரு. "அரண்மனை எங்க மிஸ்?" என்று தெரு முழுக்கத் தேடினார்கள். அரண்மனை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆர்மீனியன் தெரு என்பது நம் நாக்கில் அரண்மனைக்காரத் தெருவாகிவிட்டது. 1772இல் ஆர்மீனியர்கள் கட்டிய தேவாலயம் இருக்கிறது. உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் அச்சானது ஆர்மீனியாவில் இல்லை, இங்கே, மெட்ராஸில். ஊரை விட்டு வந்த ஒரு சின்னக் கூட்டம், இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் தங்களுக்கென்று பேப்பர் போட்டுக்கொண்டது. "யாருக்கும் தெரியாதுன்னா யாரைப் பத்தி வேணா எழுதலாம்" என்றான் ஒருவன். பத்திரிகைத் தொழிலின் சூட்சுமம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

இதெல்லாம் சுற்றி வளைத்துப் போன வழி. நேராக நான் போக நினைத்த இடம் ஒரு பழைய தனிப்பாடல். பொங்கல் வரைக்கும் காத்திருந்தேன், ஏனென்றால் அந்தப் பாட்டுக்குப் பனங்கிழங்கு வேண்டும்.

*நாராய் நாராய் செங்கால் நாராய்
பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன
பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்*

சத்திமுத்தப் புலவர் பாட்டு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சத்திமுத்தம். அங்கிருந்து பிழைப்புத் தேடி மதுரைக்குப் போன ஏழைப் புலவர், ராத்திரிக் குளிரில், மேலே பறந்துபோகும் நாரையிடம், ஊரில் இருக்கும் மனைவியைப் பார்த்துத் தன் நிலையைச் சொல்லச் சொல்கிறார். ஊரிலிருந்து என் அக்கா அனுப்பிய கிழங்கை அவித்து, நடுவே கீறிப் பிளந்து இரண்டு பாதியையும் கூராகப் பிடித்துக் காட்டினேன். நாரையின் அலகு! பதினோரு பேரும் ஆளுக்கொரு அலகு பிளந்துகொண்டார்கள். பாட்டு நின்று, கால் மணி நேரம் கிழங்கு ஓடியது.

பிறகு, குளிர். 'கையது கொண்டு மெய்யது பொத்திக் காலது கொண்டு மேலது தழீஇப் பேழையுள் இருக்கும் பாம்பென உயிர்க்கும் ஏழையாளன்'. துணியில்லாததால் கையால் உடம்பைப் பொத்தி, காலை மடக்கி மேலுடம்பை அணைத்துக்கொண்டு, பெட்டிக்குள் அடைத்த பாம்பு போல மூச்சு விடுகிறான். எல்லாரையும் அப்படிச் சுருண்டு படுக்கச் சொன்னேன். மாடி முழுக்கப் பாம்புகள். சிலது சீறின. பாட்டுக்கு அர்த்தம் சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

ஊரில் மனைவி என்ன செய்துகொண்டிருக்கிறாள்? நனைந்த சுவர், கூரை, அதில் பல்லி. அது என்ன சொல்லும் என்று காத்திருக்கிறாள். பல்லி சொன்னால் நடக்கும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். நான் எதுவும் கேட்காமலே அந்த ஒடியாப் பெண் சொன்னாள்: "எங்க ஊர்லயும் சொல்லும். ஜிட்டிபிட்டி."

"என்னது?"

"பல்லிக்கா. ஜிட்டிபிட்டி. அது கத்துனா, நாம பேசுனது நெசம்னு அர்த்தம்."

அந்தப் பெயர் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. தெலுங்கு வீட்டுப் பையன் "எங்க வீட்ல 'பல்லி' இல்ல, 'பல்லி'" என்று 'ப'வை அழுத்தி இரண்டு தடவை சொன்னான். வித்தியாசம் அவனுக்கு மட்டும் கேட்டது. ஒரு வாரத்துக்கு யார் எது சொன்னாலும் "ஜிட்டிபிட்டி சொல்லிச்சா?" என்பதுதான் பேச்சு. அவளை எழுப்பி நிறுத்திக் கேட்டபோது 'அங்க வேலை இல்ல' என்று ஒரு வாக்கியத்தில் முடிந்த ஊர், பல்லியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கூரை எப்படி இருக்கும், மழை பெய்தால் பல்லி எங்கே போகும், பாட்டி பல்லிச் சத்தம் கேட்டதும் தரையில் விரலால் மூன்று தடவை தட்டுவாள். எல்லாம் பாட்டில் வருகிற அந்த அம்மாவைப் பற்றிப் பேசுகிற சாக்கில்.

கதையில் அடுத்து ராஜா வருகிறார். நகர்சோதனைக்கு வந்த பாண்டியன் இருட்டில் இதைக் கேட்கிறான். நாரையின் அலகுக்கு என்ன உவமை சொல்லலாம் என்று அவனும் நாளாக யோசித்துக்கொண்டிருந்தவனாம். 'கிழங்கு பிளந்தன்ன' என்றதும் சொக்கிப்போய்த் தன் மேலாடையைப் புலவர்மேல் போட்டுவிட்டுப் போனானாம். இந்தக் கதையை நான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்:

"உவமை நல்லா இருந்ததாலயா மிஸ் துணி குடுத்தாரு? குளுருதுன்னு சொன்னதுக்குக் குடுக்கலையா?"

எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் இல்லை.

ஆனால் அன்றைக்கு நடந்ததில் முக்கியமானது அதுவும் இல்லை. இன்னொரு பெண், அவள் அப்பா குவைத்தில் டிரைவர், இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தவள், "இவரு மட்டும் ஏன் உண்மையைச் சொல்றாரு?" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். "எங்கப்பா போன் பண்ணா எப்பவும் நல்லா இருக்கேன், நல்லா சாப்டேன்னுதான் சொல்வாரு. இவரு துணி இல்ல, குளுருது, பாம்பு மாதிரி கெடக்கறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லச் சொல்றாரு."

ஒடியாப் பெண் உடனே, "எங்கப்பாவும் பாட்டிகிட்ட அப்டிதான். ரூம்ல ஃபேன் இருக்குன்னு சொல்வாரு. ஃபேன் இல்லக்கா, தகரம்" என்றாள்.

"எங்கப்பா அங்க வெயில்ல மயங்கி வுழுந்தாரு. மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குவைத்துக்கும் பலாங்கிருக்கும் நடுவில் பெரம்பூர் மொட்டை மாடியில் ஒரு பாய் தூரம்தான் இருந்தது. 'ஏன் நேர்ல சொல்ல மாட்டாங்க?' என்று நான் கேட்டபோது குவைத்துப் பெண் சொன்னாள்: "நாரைன்னா சொல்லலாம் மிஸ். அது திருப்பி அழாது."

நான் நவம்பரில் செய்த தப்பு என்ன என்று ஜனவரியில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவளுக்கு நாரையைக் கொடுக்காமலே பேசச் சொல்லியிருக்கிறேன். இந்த விஷயத்தில் தமிழ்ப் பாட்டுகள் என்னைவிட விவரமானவை. பாரதி ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் மாட்டிக்கொண்ட பெண்களைப் பற்றி எழுதியபோது, அந்தத் தீவை அவர் பார்த்ததில்லை. யாரைக் கேட்கிறார்? காற்றை. 'விம்மி விம்மி விம்மி விம்மி யழுங்குரல் கேட்டிருப்பாய் காற்றே'. பறம்பு மலையை இழந்த பாரி மகளிர், 'அற்றைத் திங்கள் அவ்வெண்ணிலவில்' என்று நிலாவைப் பிடித்துக்கொள்கிறார்கள். போன மாசத்து நிலாவில் அப்பா இருந்தார், மலை இருந்தது. இந்த மாசத்து நிலாவில் இரண்டும் இல்லை. ஐந்தே வரி. பௌர்ணமிக்கு மாடியில் வைத்து வாசித்தால் உரையே வேண்டாம். மேலே கையைக் காட்டினால் போதும். மலையகத்துப் பாட்டு ஒன்று, 'ஊரான ஊரிழந்தேன், ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன், பேரான கண்டியிலே பெத்த தாயை நான் மறந்தேன்' என்று போகும். "மறந்திருந்தா பாட்டு வராதே" என்றான் பர்மா ஆயாவின் பேரன்.

ஆகவே, வீட்டிலோ வகுப்பிலோ இதைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: சோகம் கனமாக இருக்கும் புத்தகத்தை எடுத்து முதலில் நீட்டாதீர்கள். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை நாம் படித்து வைத்துக்கொள்ளலாம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நெல்லைச் சீமைக்காரர்களின் கதி என்ன என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து வயசுக்கு அது வேண்டாம். 'பாவம்' என்ற சொல் வாயில் வந்ததும் பிள்ளை அந்தக் கதையிலிருந்து வெளியே போய் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. அதைவிடப் பட்டியல்கள் நல்லது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் முதல் கப்பல், ட்ரூரோ, 1860 அக்டோபரில் இதே சென்னையிலிருந்துதான் கிளம்பியது. நவம்பர் 16ஆம் தேதி 342 பேரை டர்பனில் இறக்கியது. நேட்டாலுக்குப் போன கப்பல்களில் ஒவ்வொருவருக்கும் எழுதிய பதிவுகளில் பெயர், அப்பா பெயர், வயசு, சாதி, ஊர், தாலுகா, கடைசியில் உடம்பில் இருக்கும் தழும்பு, மச்சம். பிள்ளைகளுக்கு இது அந்நியமே இல்லை. பள்ளி டி.சி.யில் அங்க அடையாளம் எழுதியிருப்பதைப் பார்த்தவர்கள்தானே. அன்றைக்கு மாடியில் அவரவர் தழும்பை எழுதச் சொன்னேன். தழும்பு வந்த கதையையும் சேர்த்து. கப்பல் குமாஸ்தா கதையை விட்டுவிட்டுத் தழும்பை மட்டும் எழுதிக்கொண்டார் என்பது அவர்களுக்கே தெரிந்துபோயிற்று.

எல்லாமே பலித்ததாக நினைக்க வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் ஒரே கதை பல மொழியில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு கதையைத் தமிழிலும் ஒடியாவிலும் அச்செடுத்து, பெரிய பரிசு மாதிரி அவளிடம் நீட்டினேன். உருண்டை உருண்டையான எழுத்தைப் பார்த்து மற்றவர்கள் "ஜிலேபி" என்று வாயைப் பிளந்தார்கள். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது படிக்க வராதுக்கா. நான் தமிழ் ஸ்கூல்தானே" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தாளை வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுவாரம், அவள் அப்பா வேலை முடிந்து சிமெண்ட் கையோடு நின்றபடியே அதை முழுக்கச் சத்தமாக வாசித்தார் என்றும், கொட்டகையில் இருந்த நாலைந்து பேர் வந்து கேட்டார்கள் என்றும் சொன்னாள். நான் குறி வைத்தது ஒன்று, விழுந்தது வேறு.

மொழி இடிக்கும்போது கைகொடுத்தது ஷான் டானின் 'தி அரைவல்'. 2006இல் வந்த படப் புத்தகம், ஒரு சொல்கூடக் கிடையாது. பெட்டியோடு வேற்று நாட்டுக்குப் போகும் ஒருவர். அங்கே இருக்கும் எழுத்தெல்லாம் உலகத்தில் எந்த மொழியும் இல்லை, ஷான் டானே வரைந்து உண்டாக்கியது. அதனால் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் ஒரே நிலைமையில் நிற்கிறோம். விலை அதிகம், நான் இரவல் வாங்கினேன். புறப்படும் இடத்தில் அப்பா தன் மகளுக்குக் காகிதத்தில் மடித்த பறவை ஒன்றைக் கொடுப்பார். அந்தப் பக்கம் வந்ததும் மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்: "நாரை!"

மார்ச்சில், பரீட்சைக்கு முன்னால், ஒரு எழுத்து வேலை கொடுத்தேன். சத்திமுத்தப் புலவர் நாரைக்கு வீட்டு அடையாளம் சொல்கிறார் அல்லவா? வாவி, நனைந்த சுவர், பல்லி. நீங்கள் எங்கோ தூரத்தில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு பறவையை அனுப்ப வேண்டும். என்ன அடையாளம் சொல்வீர்கள்?

'ரேஷன் கடைக்கு எதிர்ல பச்சை கேட்டு. நாய் இருக்கும், கத்தும், ஆனா கடிக்காது' என்று ஒன்று. 'தண்ணி லாரி நிக்கிற எடத்துல எங்கம்மா குடத்தோட நிக்கும், செவப்பு நைட்டி' என்று ஒன்று. பர்மா ஆயாவின் பேரன் ரங்கூனுக்கு எழுதியிருந்தான், ஆயாவிடம் கேட்டு: தெரு பேர் தெரியாது, மொகிங்கா வாசம் வந்தா எறங்கு. குவைத்துப் பெண் தன் வீட்டு அடையாளத்தை எழுதவில்லை. அப்பாவின் அறைக்கு அடையாளம் எழுத முயன்று, தெரியாததால் பாதியில் விட்டிருந்தாள். இன்றைக்கு ராத்திரி போனில் கேட்டு எழுதுகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டாள்.

ஒடியாப் பெண் தமிழில், கோட்டுக்கு வெளியே போகாமல் எழுதியிருந்தாள். பாட்டி வீட்டுக்கு எழுதுவாள் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. பறவை பாட்டி வீட்டிலிருந்து கிளம்பி இங்கே வருகிறதாம்.

'நாரை நாரை, பெரம்பூர்ல எறங்கு. கம்பி நீட்டிக்கினு இருக்கிற பில்டிங். பின்னாடி மூணாவது தகரம். ஜிட்டிபிட்டி உண்டு. நாங்க அங்க இல்லன்னா வேற பில்டிங் போயிட்டோம். வாட்ச்மேன் அண்ணாகிட்ட கேளு. அவருக்கும் தெரியலன்னா மொட்டை மாடி அக்காகிட்ட கேளு.'

மே மாசம் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். சிறுசேரிப் பக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அப்பாவின் போன் நம்பரை என் சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வருஷம் முடிந்தால் காலண்டர் மாற்றுவோமே என்று, போன வாரம் அரிசி டப்பா மூடியிலும் ஒரு தடவை எழுதிவைத்தேன்.